கேட்டதற்கு மேல் ஓரடி

றஹீமா என் கடைக்குள் வந்து எதற்கும் விலை கேட்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்முனைக் கடைத்தெருவில் முப்பத்தைந்து வருடம் ஆணியும் சீமெந்தும் விற்றவன் நான். வாங்க வருகிறவர் முதலில் தனக்கு வேண்டாத பொருளைத்தான் தொட்டுப் பார்ப்பார். விலை கேட்பார், முகத்தைச் சுளிப்பார், படியிறங்குவார், மூன்றாவது படியில் திரும்பிப் பார்ப்பார். அந்த மூன்றாவது படிக்காகத்தான் நாங்கள் கடைக்குப் படியே கட்டுவது. எங்கள் ஒழுங்கையில், அதாவது வீட்டுச் சந்தில், தையல் தைக்கும் றஹீமாவோ நேரே மேசைக்கு வந்து, கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, இரண்டடிக்கு இழுத்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தாள்.

"காக்கா, இவ்வளவுதான். உங்கட மகள்ர ஊட்டுப் பின்மதில்ல இந்த அகலத்துக்குத் தண்ணி போக ஒரு வழி. நிலத்தோட நிலமா. ஆடு உள்ள பூராம கம்பிவலை நாங்க போட்டுத் தாறம்."

"பாப்பம்," என்றேன். வியாபாரி 'பாப்பம்' என்றால் 'இல்லை' என்று பொருள். அது றஹீமாவுக்கும் தெரியும். அவள் நாடாவைச் சுருட்டாமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் ஒழுங்கைக்கு மேற்கே வயல், கிழக்கே தோணா என்ற நீரோடை. வயலில் நிரம்பும் மாரித்தண்ணீர் பெரிய வீதியைக் கடந்து, ஒழுங்கையால் ஓடித் தோணாவில் விழும். தோணா அதைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒழுங்கையின் கிழக்குக் கோடியில் ஒரு வெறும் வளவு கிடந்தது. தாழ்ந்த நிலம். அதால்தான் தண்ணீர் இறங்கும். தாழ்ந்த நிலம் என்பதால் மலிவாகவும் வந்தது. வாங்கியவன் நான். வீடு நிற்கும் இடத்தை மட்டும் முப்பத்தெட்டு லோட் கிறவல் மண் கொட்டி உயர்த்தி, மகள் ஹிமாயாவுக்கு அதில் வீடு கட்டினேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளையைக் கூட்டிவருவது. நான் இருப்பதும் அதே ஒழுங்கையில் என் மனைவி சுபைறாவின் வீட்டில்தான். ஆணுக்கு இந்த ஊரில் சொந்தமென்று இருப்பது கடைப்பலகை ஒன்று. அதிலும் என் பெயரில் பாதியை வெயில் தின்றுவிட்டது.

மாப்பிள்ளை நிப்றாஸ் கட்டாரில் எஞ்சினியர். அவருடைய உம்மா, மருதமுனை ஆகிலா டீச்சர், கணக்குப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கலியாணப் பேச்சு முடிந்தபோது வீடு பார்க்க வந்தார். அறை அறையாகப் போனார், குழாயைத் திறந்து பார்த்தார், பின்வாசலில் நின்று தோணாவைப் பார்த்தார். "எல்லாம் சரி. மதில் எங்க?" என்றார். அவ்வளவுதான். அடுத்த கிழமையே ஆறடி உயரத்தில் சுற்றுமதில் எழுப்பிவிட்டேன். கட்டியவர் காரைதீவு மேசன் குணம். பின்பக்க அத்திவாரம் வெட்டும்போது நிமிர்ந்து, "காக்கா, இதால தண்ணி போறது," என்றார்.

"தண்ணிக்கு வேற வழி தெரியும் குணம்."

"ஓம், தெரியும்தான்," என்றார்.

போன வருடம் கார்த்திகையில் தண்ணீருக்கு வேறு வழி தெரியவில்லை. மாரி முன்பெல்லாம் தவணை முறையில் வரும். ஒரு மாதம் பெய்யும், நடுவில் நாலு நாள் வெயிலும் விடும். இப்போது ஒரு மாத மழையை இரண்டு நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறது. பிறகு ஆடியில் கிணறு உப்புக் கரிக்கிறது. முன்பு எந்த வெள்ளமும் ஒழுங்கையில் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. அந்த முறை ஒன்பது நாள் நின்றது. றஹீமாவின் அலுமாரி உடுப்போடு மிதந்தது. தினம் ஊசிமருந்து போட வேண்டிய ஒழுங்கைக் கிழவர் அச்சிமுகம்மது அப்பாவைக் கழற்றிய கதவில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். உலர் உணவுப் பொதி நாலாம் நாள் வந்தது. அதை வாங்கும்போது படமெடுக்க அதற்கு முன்னாலேயே ஆள் வந்துவிட்டது. உயர்ந்த கிறவலில் நின்ற ஹிமாயாவின் வீட்டுப் படியில்கூட ஈரமில்லை. ஒழுங்கையில் ஒருவரும் என்னைப் பார்த்து 'உன்ட மதில்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு பேரோடு சண்டை பிடித்து மனம் ஆறியிருப்பேன். ஒன்பதிலிருந்து இரண்டைக் கழிக்க எனக்கு ஆகிலா டீச்சர் தேவையில்லை. ஆனாலும் கழிக்காமலே ஒரு வருடத்தை ஓட்டினேன்.

வெள்ளம் வற்றிய கிழமை றஹீமா ஒழுங்கைப் பெண்களைத் தன் தையல் அறையில் கூட்டினாள். "அடுத்த முறை நாங்க ஆர்ர முகத்தையும் பாத்துக்கிட்டு இரிக்கிறல்ல," என்றாளாம். மதரசாவுக்குப் பிடியரிசி எடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடியை வேறாகப் போடுவது. அவள் இரண்டாவது பிடி ஒன்று போடச் சொன்னாள். அது ஒழுங்கையின் ஒரே மாடிவீட்டு மேல்தளத்தில் பீப்பாய்களில் ஏறியது. கந்தூரிச் சோறு பொங்கும் பெரிய கிடாரம் ஒன்று, இரண்டு காஸ் அடுப்பு, மீன்பிடிக்காரரிடமிருந்து பழைய தோணி ஒன்று. மூன்று பெண்கள் ஊசிபோடப் பழகினார்கள். ஆர் வீட்டில் ஆரைத் தூக்க வேண்டும், ஆர் தூக்குவது என்று பெரிய காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். என் பெயரைத் தேடினேன். கடைசி வரியில் இருந்தது: 'நளீம் காக்கா – உதவி கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு டெலிபோன் கோல் எடுத்துக் கதைக்க.' தோணி தள்ளவும் ஆகாது, கிடாரம் கிண்டவும் ஆகாது, வாய் மட்டும் ஆகும் என்று ஊரே கூடி மதிப்புப் போட்டிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. சரியான மதிப்புத்தான்.

பிறகுதான் மதில்கள். கிழக்கு வரிசையில் எட்டு வீடு. வளவிலிருந்து வளவுக்குத் தண்ணீர் போக ஒவ்வொரு வீட்டாரும் மதிலில் இரண்டடி திறந்தார்கள். ஏழு வீடு திறந்தாயிற்று. எட்டாவதுதான் நான். ஏழு வீட்டுத் தண்ணீரும் வந்து என் மகளின் பின்மதிலில் தலையை முட்டி நிற்கும்.

இரண்டாம் முறை றஹீமா வேறு இரண்டு பெண்களோடு வந்தபோது நான் ஆயத்தமாக இருந்தேன். "றஹீமா, மதில உடைக்கிறது வேணா. ஆறு அங்குலப் பைப் ஒண்டு வெச்சுத் தாறன். கடைச் சாமான், நல்லது."

"காக்கா, என்ட அலுமாரி மிதந்து போனத்தக் கண்டீங்கதானே. ஆறு அங்குலத்துக்குள்ளால அலுமாரி போகுமா?"

"அப்ப ஒரு தண்ணி மோட்டர் தாறன்."

"கரண்ட் போன பொறவு மோட்டருக்கு ஓதி ஊதுறயா?"

சீமெந்து மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த மற்ற இரு பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பது இலவசம். ஆனால் தை மாதம் கலியாணம். மதில் கேட்டு வாங்கிய சம்மந்தியிடம் போய், 'மதிலில் ஓட்டை போட்டிருக்கிறேன், ஒழுங்கைத் தண்ணீரெல்லாம் உங்கள் மகன் குடியிருக்கும் வளவால்தான் ஓடும்' என்று எந்த வாயால் சொல்வது? ஒரு வார்த்தையில் மதில் கேட்டவர் ஒரு வார்த்தையில் கலியாணத்தையும் நிறுத்துவார். ஹிமாயா ஒன்றரை வருடமாக நிப்றாஸோடு கதைத்துச் சிரிப்பதை நான் பக்கத்து அறையில் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பை உடைத்துத்தான் அந்த வழியைத் திறக்க வேண்டுமென்றால், பேரம் பேசியே மாரியைக் கடத்திவிடலாம் என்று நினைத்தேன்.

அப்படி மூன்று கிழமை இழுத்தேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு றஹீமாவின் முற்றத்தில் பேரத்தை முடித்தேன். அன்று வெள்ளச் சமையலுக்கு ஒத்திகை. கிடாரத்தில் சோறும் பருப்பும் பொங்கி, சஹன் என்ற பெருந்தட்டுக்கு ஐந்து பேராக ஒழுங்கையே சுற்றி உட்கார்ந்திருந்தது. ஹிமாயா பெண்கள் பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். "கேளுங்க எல்லாரும். ஒரு அடி திறக்கிறன். இரும்புப் பலகை போட்டு, தேவைக்கு மட்டும் தூக்கிற மாதிரி. ஆனா கலியாணத்துக்குப் பொறவு. அதுக்குப் பதிலா கலியாணப் பந்தல ஒழுங்கைப் பொடியன்மார் போட்டுத் தரணும்." எனக்கே என்னில் பெருமை வந்தது. இரண்டடியை ஓரடியாக்கி, மாரியைத் தாண்டி, மேலதிகமாக ஒரு பந்தலும் வாங்கிவிட்டேன்.

றஹீமா உள்ளே போய்க் கொப்பியை எடுத்துவந்தாள். ஏழு வீட்டாரும் கையெழுத்து வைத்த பக்கம். நான் பேனையைத் திறந்தேன்.

"நில்லு மகன்," என்றார் அச்சிமுகம்மது அப்பா. காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிஸ் ஐயாவிடம் நாற்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். வாயில் சோறு, கண்ணில் குறும்பு. "அந்த ஊடு ஆர்ர பேர்ல இரிக்கு?"

"என்ன அப்பா கேள்வி? நான் கட்டின ஊடு."

"கட்டினது நீ. பேச்சு முடிஞ்ச மாசம் மகளுக்கு உறுதி எழுதிக் குடுத்தாய். சாட்சிக் கையெழுத்து வெச்சது நான். எழுதிக் குடுத்த ஊட்ட மூணு கிழமையா நீ எப்படி மகன் பேரம் பேசினாய்?"

முற்றம் முழுக்கச் சிரிப்பில் வெடித்தது. சோறு புரைக்கேறியவர்கள் தலையில் தட்டிக்கொண்டார்கள். சுபைறா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்; வீட்டுச் சாட்சியே அப்படியென்றால் வெளியாரை என்ன சொல்வது. பொய் விலை சொல்வதை எங்கள் தெரு மன்னிக்கும். விற்ற சாமானை இரண்டாம் முறை விலைபேசுகிறவனை மன்னிக்காது. பெண்பிள்ளைக்கு வீடு எழுதுவது எங்களுக்கு மூச்சுவிடுவது மாதிரி. எழுதியதையும் மூச்சைப் போலவே மறந்துபோனேன். இவ்வளவு நாளும் என்னோடு பேரம் பேசிய றஹீமாவும்தான் மறந்துபோயிருந்தாள். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"ஹிமாயா, புள்ள, இஞ்ச வா. உன்னட்டத்தான் கேக்கணுமாம்."

ஹிமாயா அகப்பையோடு வந்தாள். "எவ்வளவு கேட்டீங்க மாமி?"

"ரெண்டடி."

"மூண்டடி போடுங்க," என்றாள். அகப்பையை என்னிடம் தந்துவிட்டு, என் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள்.

கேட்டதற்கு மேல் கொடுக்கிற ஆளை நான் என் தொழிலில் கண்டதில்லை. அது என் இரத்தத்திலிருந்தே வந்தது என்றால், எங்கோ அளவு பிழைத்திருக்கிறது.

அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவள் பின்வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றிவளைக்கவில்லை. "மகள், டீச்சர் இந்தக் கலியாணம் வேணாம் எண்டா?"

"எண்டா அழுவன் வாப்பா." உரித்த வெங்காயத்தை ஓரமாக வைத்தாள். "ஆனா ஒம்பது நாள் அழமாட்டன்."

"நிப்றாஸ்ட்ட சொன்னியா?"

"சொன்ன. உம்மாட்டக் கதைக்கிறன் எண்டாரு. பொறவு ரெண்டு நாளா கோல் இல்ல."

"ரெண்டு நாளா? அப்ப நீ இண்டைக்கு முன்னமே..."

"நீங்க பேரம் பேசி முடியுமட்டும் பாத்துக்கிட்டிருந்த வாப்பா. உங்களுக்கு அது சந்தோசம்தானே." கண்ணைத் துடைத்தாள். வெங்காயமோ வேறெதுவோ, நான் கேட்கவில்லை. "போன வருசம் அச்சிமுகம்மது அப்பாவக் கதவுல கொண்டுபோகக்குள்ள கால் பக்கம் பிடிச்சது நான். தண்ணி எனக்கு நெஞ்சு மட்டும். திரும்பிப் பாத்தா என்ட ஊடு மட்டும் காஞ்சு நிக்குது. அதுக்குள்ள போய் எப்படி வாப்பா நான் குடியிருக்கிற?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தை உரித்தேன்.

மதிலை உடைக்க குணத்தைத்தான் கூப்பிட்டேன். வந்தார், அளந்தார், உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினார். கீழ்வரிசைக் கல் பாற்பல் மாதிரிக் கழன்று வந்தது. நான் குனிந்து பார்த்தேன். சீமெந்து விற்கிறவன் கண்ணுக்கு அது தப்புமா? சாந்தில் மணல்தான் இருந்தது.

"குணம், இதென்ன வேலை?"

"காக்கா கோவிக்கப்படாது." அவர் தலையைச் சொறிந்தார். "எண்டைக்கோ ஒரு நாள் இதை உடைக்கக் கூப்பிடுவீங்க எண்டு தெரியும். அதான் இந்த இடத்தில மட்டும் கீழ மூண்டு வரிசைக்குச் சாந்து குறைச்சு வச்சனான். மேல நல்ல விட்டம் ஒண்டும் போட்டிருக்கு, மதில் விழாது."

"அப்ப மிச்சச் சீமெந்து?"

"உங்கட முன்வாசல் படியில இருக்கு. ஏன், படி நல்லாத்தானே நிக்குது?"

தண்ணீர், றஹீமா, மகள், மேசன். இந்த மதிலைப்பற்றி எல்லாருக்கும் என்னைவிட முன்னமே தெரிந்திருந்தது. நான் குணத்துக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னேன். மத்தியானத்துக்குள் நேர்த்தியாக மூன்றடி திறந்தது. கம்பிவலையைக் கீலில் மாட்டி, மேலே தூக்கினால் திறக்கும்படி செய்தார். அந்த வழியால் குனிந்து பார்த்தால் தோணாவும் அதற்கப்பால் மணல்மேடும் தெரிந்தன. மருதமுனையிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. சுபைறா இரண்டு தரம் டீச்சருக்குக் கோல் எடுத்தாள். இரண்டு தரமும் அடித்து ஓய்ந்தது.

கார்த்திகை பிறந்து ஆறாம் நாள் கடலில் தாழமுக்கம், பெருமழை வரும் என்றார்கள். மழை ஒரு பகல் ஓர் இரவு விடாமல் பெய்தது. விடிந்தபோது பெரிய வீதி வெள்ளைத் தகடாகக் கிடந்தது, ஒழுங்கைக்குள் கணுக்காலளவு தண்ணீர் கிழக்கே நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் ஓடவில்லை. அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. காகிதத்தில் எழுதியபடி ஆள் ஆள் தங்கள் இடத்துக்குப் போனார்கள். அச்சிமுகம்மது அப்பா கதவில்லாமல், தோணியில், குடை பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மாடிவீட்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "என்ன மகன், ஏதும் ஊடு விலைக்கி இரிக்கா?" என்றார். கிடாரத்தில் கஞ்சி ஏறியது. நான் என் பதவிக்குரிய வேலையைச் செய்தேன். கச்சேரிக்குக் கோல் எடுத்தேன். லைன் பிஸி. பன்னிரண்டு தரம் எடுத்தேன், பன்னிரண்டு தரமும் பிஸி. அன்றைக்குத்தான் அது அவ்வளவு பெரிய காரியமாகத் தெரியவில்லை.

பத்து மணிபோல ஒழுங்கை முகப்பில் ஒரு த்ரீவீல் நின்றது. அதற்குமேல் அதனால் வர முடியவில்லை. ஆகிலா டீச்சர் இறங்கினார். கறுப்பு அபாயா, கையில் நீளக் குடை, முகத்தில் விடைத்தாள் திருத்தும் பார்வை. மழையில், தண்ணீரில், ஒரு அறிவித்தல் இல்லாமல். நான் தண்ணீரை உழக்கிக்கொண்டு போய் சலாம் சொன்னேன். பதில் சலாம் வந்தது. ஒழுங்கை முழுவதும் நான் கதைத்துக்கொண்டே வந்தேன். மதில் அப்படியே இருக்கிறது டீச்சர், கீழேதான் சின்ன வேலை, கலியாணத்துக்கு முந்தி பூட்டிவிடலாம், நல்ல இரும்பு, கடைச் சாமான் என்று எதையெதையோ சொன்னேன். அவர் ஏழு வீட்டு வளவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். மாடிவீட்டுக்கு முன்னால் நின்று, சுவரில் ஒட்டிய காகிதத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கடைசி வரியையும் வாசித்திருப்பார்.

ஹிமாயாவின் வளவுக்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. ஏறியிருக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்க வேண்டிய தண்ணீர் சுழன்றுகொண்டு நின்றது. பின்மதிலுக்குப் போனால், மேலே எந்த வளவிலிருந்தோ மிதந்துவந்த வாழைமரம் ஒன்று குலையோடு குறுக்கே கிடந்து, வைக்கோலும் பிளாஸ்டிக்கும் சேர்த்து வழியை அடைத்திருந்தது. ஹிமாயா அபாயாவை இடுப்பில் சொருகிக்கொண்டு கம்பிவலையை இரு கையாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அதை விட்டால் வலை மரத்தின் மேல் விழும். விடாவிட்டால் மரத்தை இழுக்கக் கையில்லை. டீச்சரைக் கண்டாள். முகம் வெளுத்தது. சலாம் சொன்னாள். கையை மட்டும் இறக்கவில்லை.

"டீச்சர், இது நான்தான்..." என்று தொடங்கினேன்.

"கொஞ்சம் கதைக்காம இருங்க," என்றார் டீச்சர்.

அவர் மதிலைப் பார்த்தார். மேலே ஆறடி, கீழே மூன்றடி. தண்ணீரைப் பார்த்தார். ஹிமாயாவின் கையைப் பார்த்தார். விரல்கள் வலையில் வெட்டுப்பட்டுச் சிவந்திருந்தன. பிறகு குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றிப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு, அபாயா நனைய நனைய அவள் பக்கத்தில் இறங்கினார்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க மகள்."

ஹிமாயா தூக்கினாள். டீச்சர் குடைக்காம்பை வாழைமரத்தின் அடியில் கொடுத்து நெம்பினார். அசையவில்லை. மறுபடி கொடுத்தார். நான் போய் மரத்தின் மறுமுனையைத் தள்ளினேன். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. குடைக்கம்பி ஒன்று தெறித்தது. மரம் மெதுவாக முகத்தைத் திருப்பி, மூன்றடிக்குள் நுழைந்து, குலையை இழுத்துக்கொண்டு தோணாவுக்குள் போனது. அதன் பின்னால் ஒழுங்கைத் தண்ணீர் முழுவதும் ஒரு பெருமூச்சோடு பாய்ந்தது. எங்கள் முழங்காலில் அதன் இழுவை தெரிந்தது.

ஹிமாயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் அவள் பக்கம் திரும்பவில்லை. வளைந்த குடையை மறுபடி விரிக்கவுமில்லை. மழை தலையில் கொட்ட, குடைக்காம்பை ஈட்டி மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன மிதந்து வருகிறதென்று ஒழுங்கைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.